உயிரோடிருப்பவர்களுக்கான ஒப்பாரி

பென்னாகரத்திலிருந்து வந்த மாலைப் பேருந்து ஊர் எல்லையில் நின்றபோது, நிழற்குடைக்குள் ஒரு பெண் பிணமாகக் கிடந்தாள். இறங்கியவர்களில் எவரும் திடுக்கிடவில்லை. அவளுடைய உடல் வைக்கோல். தலை, கவிழ்த்து வைத்த மண்சட்டி. கண்ணும் வாயும் சுண்ணாம்புக் கோடுகள். எவர் வீட்டிலிருந்தோ வந்த சாயம்போன சேலை ஒன்று அவளுக்குச் சுற்றப்பட்டிருந்தது.

மழை பொய்த்த ஆண்டுகளில் கொடும்பாவி கட்டி இழுப்பது அந்த ஊரின் வழக்கம். ஊரார் செய்த பாவம் அனைத்தையும் ஒரு பொம்மையின்மேல் ஏற்றி, அதைப் பிணமாகக் கிடத்தி, ஒப்பாரி வைத்து, தெருத்தெருவாக இழுத்துச் சென்று சுடுகாட்டில் எரித்துவிட்டால் வானம் இரங்கும் என்பது நம்பிக்கை. வானம் இரங்கிய ஆண்டுகள் உண்டு. இரங்காத ஆண்டுகளும் உண்டு. வழக்கம் இரண்டையும் பொருட்படுத்தியதில்லை.

பேருந்திலிருந்து கவிப்பிரியாவும் ஜாஸ்மினும் பள்ளிச் சீருடையோடு இறங்கினார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருவரும் ஒரே பெஞ்சு. கவிப்பிரியாவை அந்தப் பள்ளியில் அறியாதவர் இல்லை. பள்ளிக்கு வெளியே அறிந்தவர்கள் அதைவிடப் பலர். அவளுடைய புகழுக்குக் காரணம் ஒப்பாரி. உயிரோடிருப்பவற்றுக்கு ஒப்பாரி வைப்பது அவளுடைய நகைச்சுவை. இரை கொத்திக்கொண்டிருக்கும் கோழியின் அருகே அமர்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுவாள். கோழி தலையைச் சாய்த்து அவளைப் பார்க்கும். பார்ப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அழுபவள் கவிப்பிரியா, கைப்பேசியில் படம் எடுத்து இணையத்தில் போடுபவள் ஜாஸ்மின். தொழில் பிரிவினையில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

"கவி பாப்பா! உன்னத்தான் பாத்துட்டிருக்கறோம்" என்று மாதையன் ஓடி வந்தார். பொம்மையைக் கட்டியவர் அவர். கைகளில் இன்னும் சுண்ணாம்பு இருந்தது.

"ஏன் மாமா, யாருக்கு என்னாச்சு?"

"செல்லியக்கா ஓசூருக்குப் போயிட்டாங்க, மவன் வூட்டுக்கு. ஒப்பாரி வெக்க ஆளில்ல. எங்க வூட்டுக்காரி வெச்சுப் பாத்தா. நாயி எந்திரிச்சுப் போயிருச்சு."

கூட்டத்திலிருந்த மாதையனின் மனைவி அவரைப் பார்த்த பார்வையில் மழைக்கான அறிகுறி எதுவும் இல்லை.

"நான் காமெடிக்குத்தான் மாமா வெப்பேன்."

"இதுவும் பொம்மதான கண்ணு. அதுக்கு என்ன தெரியப் போவுது?"

ஜாஸ்மின் அதற்குள் கைப்பேசியை எடுத்து வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தாள். "போடி, போய் உக்காரு. வெயிலு சூப்பரா விழுது."

"யூனிபார்மோடயா?"

"எழவு வூட்டுக்கு என்னடி டிரெஸ் கோடு?"

கவிப்பிரியா பையை அவளிடம் கொடுத்துவிட்டுப் பொம்மையின் தலைமாட்டில் அமர்ந்தாள். பறை முழங்கியது. பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிட்டு, வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு முன்னும் பின்னும் அசைந்தார்கள்.

முதல் அடிகள் எடுபடவில்லை. காய்ந்த கிணற்றையும் கருகிய கேழ்வரகையும் சொல்லி அழுதாள். பெண்களில் ஒருத்தி கொட்டாவி விட்டாள். கூட்டத்தின் கவனம் நழுவுவதை உடனே உணரும் திறன் கவிப்பிரியாவுக்கு உண்டு. வைக்கோலுக்கு அழுவதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. அவளுடைய கலைக்கு உயிரோடிருக்கும் ஒன்று வேண்டும்.

தலை நிமிர்ந்தாள். எதிரே, நாக்கைப் பல்லிடையே கடித்தபடி, ஜாஸ்மின் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து நின்றிருந்தாள்.

"பொட்டலான காட்டுக்குள்ள பூத்த ஒத்தப் பூவே நீ,
கட்டெறும்பு தீண்டாமக் காத்து வெச்ச தேனே நீ,
கூடப் பொறக்காத கூட்டாளி ஜாஸ்மினே,
பாடையில நீ படுக்கப் பாத்து நிக்க வந்தேனே..."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. "அடிப்பாவி!" என்று ஜாஸ்மின் கத்தினாள். சிரிப்பில் அவளுடைய கை ஆடியது. படமும் ஆடியது.

கவிப்பிரியா தொடர்ந்தாள். வழக்கமாக ஓரிடத்தில் தானும் சிரித்துவிடுவாள்; அந்த இடத்தோடு படம் முடியும். அன்று அந்த இடம் வந்தது. சிரிப்பு வரவில்லை. தொண்டைக்குக் கீழே, மார்புக்குள், இதுவரை முழுதாகத் திறந்திராத ஏதோ ஒன்று திறந்துகொண்டதைப் போலிருந்தது. குரல் தாழ்ந்தது. கண்ணீர் உண்மையாகவே வழிந்தது. ஜாஸ்மினின் பெயரை அவள் மீண்டும் சொன்னாள், மீண்டும் சொன்னாள்.

சிரிப்பு ஓய்ந்தது.

பெண்கள் மார்பில் அடித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். எவரும் அவர்களைக் கேட்கவில்லை.

பறை அடித்தவர் கையை நிறுத்தினார். காற்றும் நின்றது. அதுவரை நெருப்பாய்க் காய்ந்த செம்மண்ணிலிருந்து, ஒரு துளியும் விழாத தரையிலிருந்து, ஈரத்தின் மணம் எழுந்தது.

பிறகு மழை கொட்டியது.

மாதையன் துண்டைச் சுழற்றி ஆடினார். கிழவர்கள் வாயைத் திறந்து வானத்தைக் குடித்தார்கள். பொம்மையை இழுக்கவும் எரிக்கவும் எவருக்கும் நினைவில்லை. கவிப்பிரியாவைத் தோளில் தூக்கிக்கொண்டு இளைஞர்கள் கத்தினார்கள். அந்த உயரத்திலிருந்து அவள் ஜாஸ்மினைத் தேடினாள்.

நிழற்குடைக்குள், பொம்மையின் அருகே, கைகளால் தன்னையே கட்டிக்கொண்டு ஜாஸ்மின் நின்றிருந்தாள். உதடுகள் நீலமாக இருந்தன.

"குளிருதுடி" என்றாள்.

அவள்மீது ஒரு துளிகூடப் படவில்லை.

*

மறுநாள் காலையில் ஜாஸ்மின் எழவில்லை. அவளுடைய தாய் சுகுணா, அங்கன்வாடிப் பணியாளர், முதலில் அதட்டினார், பிறகு உலுக்கினார், பிறகு அண்டை வீடுகள் கேட்கும்படி அலறினார். தந்தை பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். ஆம்புலன்ஸ் தருமபுரியை அடையும் வரை கவிப்பிரியா ஜாஸ்மினின் கையைப் பிடித்திருந்தாள். பிடித்திருந்தது கை என்று அவளுடைய கண் சொன்னது. விரல்கள் அதை ஏற்கவில்லை. கிணற்றடிக் கல்லைத் தொட்டாற்போல் இருந்தது.

மருத்துவர் அருண்குமார் இளைஞர், பொறுமையானவர். இரத்தம், மூளை, இதயம் என்று பார்க்கக்கூடிய அனைத்தையும் பார்த்தார். பிறகு சுகுணாவைத் தனியே அழைத்தார். கவிப்பிரியாவும் கூடவே சென்றாள்.

"ரிப்போர்ட் எல்லாமே நார்மலா இருக்குதுங்கம்மா. விஷம் இல்ல. காய்ச்சல் இல்ல."

"அப்புறம் ஏன் சார் எந்திரிக்க மாட்டேங்கறா?"

"மூச்சு கொறஞ்சுக்கிட்டே வருது. எதனாலன்னு எனக்குத் தெரியலைங்க. தெரிஞ்ச மாதிரி உங்ககிட்டப் பேச மாட்டேன். எங்களால ஆனதச் செய்யறோம்."

பெண்கள் பிரிவில் ஜாஸ்மினின் கட்டில் சன்னலோரம் இருந்தது. வெளியே மழை விடவில்லை. பினாயில் மணமும் நனைந்த துணிகளின் மணமும் கூடத்தில் கலந்திருந்தன. அவற்றுக்கு அடியில் மெல்லிய மூன்றாவது மணம் ஒன்றும் இருந்தது. கவிப்பிரியா குனிந்து ஜாஸ்மினின் நெற்றியை முகர்ந்தாள்.

நனைந்த வைக்கோல்.

அவள் நடைவழிக்கு வந்து சுவரோரம் அமர்ந்தாள். செய்வதற்கு எதுவும் இல்லாதவர்கள் செய்வதையே செய்தாள், கைப்பேசியைத் திறந்தாள். நேற்றைய படத்தை ஜாஸ்மின் நிழற்குடையில் நின்றபடியே பதிவேற்றியிருக்க வேண்டும். மாவட்டமே பார்த்திருந்தது. அடியில் கருத்துகள் குவிந்திருந்தன. 'மழையவே வர வெச்சுட்டியே தெய்வமே.' 'இவ சரியான சூனியக்காரி.' ஒவ்வொன்றின் முடிவிலும் கண்ணீர் தெறிக்கச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள்.

சிரிக்க முயன்றாள். கட்டைவிரல் தானாகப் பழைய படங்களை நோக்கி நகர்ந்தது.

கோழி. வீட்டுச் செவலைக் கோழி. படத்தில் அது காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் கூடைக்கு அடியில் விறைத்துக் கிடந்தது. பாம்பு தீண்டியிருக்கும் என்றார்கள்.

பள்ளி வாசலின் புங்கமரம். படத்தில் பூத்திருந்தது. கோடை விடுமுறை முடிவதற்குள் பட்டுப்போய், வெட்டப்பட்டது.

ஊர்ப் பொதுக் குழாய்க்கிணறு. படத்தில் அதன் வாயிலிருந்து நீர் பீறிட்டது. பிறகு சேறும் வரவில்லை.

அடுத்த படத்தைத் திறக்க அவளுடைய விரல் மறுத்தது. திறந்தாள்.

தமிழாசிரியர் பச்சியப்பன். பாப்பிரெட்டிப்பட்டிக்கு மாற்றலாகிச் சென்றபோது நடந்த வழியனுப்பு விழா. மாலையோடு நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவர் காலடியில் உட்கார்ந்து கவிப்பிரியா அழுதாள். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "போதும்மா, போதும். நெசமாலுமே செத்துட்ட மாதிரி இருக்குது" என்று அவர் சொல்வது படத்தில் தெளிவாகக் கேட்டது.

புதிய பள்ளியில் அவர் ஒரு நாளும் பாடம் நடத்தவில்லை. இருசக்கர வாகனம், மண் லாரி, வளைவு. எல்லோரும் விதி என்றார்கள். கவிப்பிரியாவும் இறுதி ஊர்வலத்திற்குச் சென்றாள். பள்ளியே கதறியபோது அவளுக்கு மட்டும் அழுகை வரவில்லை. தன் பங்கை முன்பே அழுது முடித்துவிட்டவளைப் போல உலர்ந்த கண்களோடு நின்றாள். அதிர்ச்சி என்று தோழிகள் அணைத்துக்கொண்டார்கள்.

இதுவரை அவள் எவற்றுக்கெல்லாம் ஒப்பாரி வைத்தாளோ, அவற்றில் ஒன்றும் இப்போது உயிரோடில்லை.

ஜாஸ்மின் நீங்கலாக.

*

மாதையனிடம் எண் வாங்கி, ஓசூரிலிருந்த செல்லியை அழைத்தாள். ஆயுள் முழுவதும் இழவு வீடுகளில் ஒப்பாரி வைத்தவர் செல்லி. பின்னணியில் தொலைக்காட்சி ஒலித்தது.

"பேரு வெச்சா அழுத?" என்று செல்லி கேட்டார்.

"ஆமாங்க. தெரியாம வெச்சுட்டேன். பேரு வெக்கக் கூடாதுங்களா? அதாங்களா தப்பு? எப்படிங்க மாத்தறது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. நானும் பேரு வெச்சு அழுதிருக்கறேன். ஒரு வருசம் வெளையாட்டுக்கு மாதையன் பேரச் சொல்லியே கொடும்பாவிக்கு அழுதேன். ஊரே சிரிச்சுது. அவன் இன்னைக்கும் கல்லாட்டம் இருக்கறான்."

கவிப்பிரியாவின் நெஞ்சில் ஒரு கணம் நிம்மதி பரவியது.

"மழ வந்துச்சாம்ல?" என்று செல்லி கேட்டார்.

"வந்துச்சுங்க."

"அழுதவுடனயா?"

"அழுதுட்டிருக்கும்போதே."

தொலைக்காட்சியின் ஒலி நின்றது. யாரோ அணைத்திருக்க வேண்டும்.

"நான் அழுது ஒரு நாளும் மழ வந்ததில்ல கண்ணு" என்றார் செல்லி, குரலைத் தாழ்த்தி. "நான் பாட்டுத்தான் படிக்கறவ. பாட்டுல ஒண்ணுமில்ல. பொம்மையிலயும் ஒண்ணுமில்ல."

"அப்போ?"

"நீ யாரு புள்ள?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது. மீண்டும் அழைத்தபோது எவரும் எடுக்கவில்லை.

*

படத்தை அழித்தாள். அதற்குள் நூறு பேர் அதைத் தத்தம் பக்கங்களில் போட்டிருந்தார்கள். ஒரு பக்கத்தில் மறைந்தால் வேறொரு பக்கத்தில் ஜாஸ்மினின் பெயர் அழப்பட்டுக்கொண்டேயிருந்தது.

கட்டிலருகே மண்டியிட்டு, "நீ சாவல ஜாஸ். நான் சும்மா சொன்னேன். பொய்யி. எல்லாம் பொய்யி" என்று காதில் சொன்னாள். சொற்கள் வெறும் சொற்களாக விழுந்தன. அவற்றில் அந்தத் திறப்பு இல்லை.

அப்போதுதான் அந்த எண்ணம் தோன்றியது. அழுதது நடக்குமென்றால், வேறொரு பெயரைச் சொல்லி அழலாம். ஜாஸ்மினின் இடத்தில் வேறொருத்தியைக் கிடத்தலாம். அந்த வேறொருத்தி தானேதான் என்பதில் அவளுக்கு ஐயமில்லை. அவள் நல்லவள் என்பதனாலன்று. வேறு எந்தப் பெயரையும் சொல்ல அவளுக்குத் துணிவில்லை.

நடைவழியின் கோடியிலிருந்த குளியலறைக்குள் சென்று தாழிட்டாள். சன்னல் கண்ணாடியில் மழை ஓடியது. பகல் பொழுதுதான், ஆயினும் விளக்குப் போட வேண்டியிருந்தது. விரிசல் விழுந்த முகக்கண்ணாடியின் முன் நின்று, தன் முகத்தையே பார்த்தபடி, மெல்லத் தொடங்கினாள்.

"பொட்டலான காட்டுக்குள்ள பூத்த ஒத்தப் பூவே நீ..."

மார்புக்குள் அது திறந்தது. உடனே திறந்தது, காத்திருந்ததைப் போல.

"கூடப் பொறக்காத கூட்டாளி..."

கவிப்பிரியா, என்று சொல்ல உதடுகளைக் குவித்தாள். கண்ணாடியில் உதடுகள் குவிவதையும் பார்த்தாள்.

"ஜாஸ்மினே" என்றது குரல்.

வாயைப் பொத்தினாள். கையை எடுத்தாள். தன் பெயரை உரக்கக் கத்தினாள்.

"ஜாஸ்மினே!"

கைக்குட்டையை வாயில் திணித்தாள். கண்ணாடியில் அவளுடைய உதடுகள் மூடியிருந்தன. குரல் மட்டும் நிற்கவில்லை. பல்லுக்குப் பின்னால், துணிக்குப் பின்னால், பெயர் மீண்டும் மீண்டும் உருண்டது.

கூடத்திலிருந்து சுகுணாவின் அலறல் கேட்டது.

அவள் ஓடி வந்தபோது கட்டிலைச் சுற்றி மருத்துவரும் செவிலியர்களும் நின்றிருந்தார்கள். ஜாஸ்மினின் முகத்தில் பிராணவாயுக் கவசம் பொருத்தப்பட்டிருந்தது. அதன் உட்புறத்தில் மூச்சின் பனி படிய வேண்டும். நெடுநேரம் படியவில்லை. பிறகு ஒரு நகத்தின் அளவு படிந்தது. பிறகு மறைந்தது.

*

மருத்துவர்கள் விலகிய பின், பக்கத்துக் கட்டில் நோயாளிக்குத் துணையாக வந்திருந்த பெண் சுகுணாவின் அருகே வந்து தன் கைப்பேசியைக் காட்டினாள். "ஏங்க, இந்தப் புள்ளதான இது? நேத்து இருந்தே ஓடிட்டிருக்குது."

சுகுணா பார்த்தார். முழுவதும் பார்த்தார். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கவிப்பிரியாவை நோக்கினார். அவர் அடித்திருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"என் புள்ள உசுரோட இருக்கையிலயே எழவு கொட்டுனியா?"

"ஆன்ட்டி..."

"உனக்கும் சேத்துத்தான நான் தெனமும் டப்பா கட்டுனேன். அவளுக்கு ஒரு டப்பா, உனக்கு ஒரு டப்பா."

"தெரியாம ஆன்ட்டி. சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன?" அவர் கவிப்பிரியாவின் தாடையைப் பிடித்தார். "நான் ஜெபம் பண்ணிட்டேன். டாக்டரு பாத்துட்டாரு. எதுக்கும் அசைய மாட்டேங்கறா. நீ அழுததுக்கு மட்டும் அசைஞ்சிருக்கறா. அந்த வாயாலயே திருப்பிக் கூப்புடு."

"கூப்புட்டேன். வர மாட்டேங்கறா."

"கூப்புடு!"

அவர் கைகள் தளர்ந்து விழுந்தன. கட்டிலின் விளிம்பில் அமர்ந்து மகளின் தலையை மடியில் எடுத்துவைத்துக்கொண்டார். ஜெபம் தீர்ந்துவிட்ட வாயில், அவரையறியாமல், வேறொன்று முனகலாக எழுந்தது. ஆராரோ. ஆரிரரோ. ஜாஸ்மினைத் தொட்டிலில் போட்டு ஆட்டிய நாளில் பாடியதாக இருக்க வேண்டும். சொற்களில் பாதி அவருக்கே மறந்திருந்தன.

கவசத்தில் பனி படியவில்லை.

கவிப்பிரியா அந்த இராகத்தைக் கேட்டாள். பாடையில் கிடத்தப் பாடுவது ஒன்று. தொட்டிலில் கிடத்தப் பாடுவது ஒன்று. முதலாவதை மட்டும்தான் அவள் இதுவரை பாடியிருக்கிறாள்.

குனிந்து, சுகுணாவின் குரலோடு தன் குரலைச் சேர்த்தாள்.

"ஆத்தங்கர மணலெடுத்து ஆன செஞ்சு வெச்சிருக்கேன்,
அந்தி மழை நனையாமக் கொட புடிச்சு நின்னிருக்கேன்,
கண்ணு தொறந்து பாரேண்டி கண்மணியே ஜாஸ்மினே..."

மார்புக்குள் அது திறந்தது.

கவசம் முழுவதும் வெண்மையாகப் பனித்தது.

சுகுணா பாட்டை நிறுத்திவிட்டார். கவிப்பிரியா நிறுத்தவில்லை. ஜாஸ்மினின் மார்பு உயர்ந்தது; தாழ்ந்தது; உயர்ந்தது. நீல உதடுகளில் மங்கிய செம்மை ஊறியது. கவிப்பிரியா மூச்சு வாங்குவதற்காகப் பாட்டை நிறுத்தினாள்.

உயர்ந்த மார்பு தாழ்ந்தது. பிறகு உயரவில்லை.

"பாடு!" என்றார் சுகுணா.

பாடினாள். மார்பு உயர்ந்தது.

அதன் பிறகு அவள் நிறுத்தவில்லை. தெரிந்த அடிகள் தீர்ந்தபோது புதிய அடிகளைக் கட்டினாள். அவையும் தீர்ந்தபோது பெயரை மட்டும் பாடினாள். உள்ளிழுக்கும் மூச்சிலும் ஒலி எழுப்பக் கற்றுக்கொண்டாள். தண்ணீர் குடிக்கவில்லை, விழுங்கும் நேரத்துக்கு மௌனம் வேண்டும், அந்த மௌனத்தை அவளால் கொடுக்க முடியாது. செவிலியர் ஒருவர் அதட்ட வந்தார்; கட்டிலருகே இருந்த கருவியின் எண்களைப் பார்த்தார்; திரும்பிச் சென்றார். பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் உறங்கிப்போனார்கள். நண்பகலில் கூடம் முழுவதும் உறங்கியது. வெளியே மழை அந்தத் தாளத்திலேயே பெய்தது.

குரல் முதலில் கரகரத்தது. பிறகு உடைந்தது. நாவில் இரும்பின் சுவை தட்டியது. வாயோரம் துடைத்த கைக்குட்டையில் சிவப்பு படிந்தது.

"விட்றாத கண்ணு" என்று சுகுணா கிசுகிசுத்தார். "கொஞ்ச நேரம். அவ முழிச்சுக்குவா. கொஞ்ச நேரம்."

தொண்டையில் நூலளவு ஒலிதான் எஞ்சியிருந்தது.

அது இழுபட்டது.

அறுந்தது.

கவிப்பிரியா வாயைத் திறந்தாள். காற்று வந்தது. ஒலி வரவில்லை. கழுத்து நரம்புகள் புடைக்க மீண்டும் முயன்றாள். உதடுகளால் பெயரை அமைத்தாள். ஒன்றுமில்லை. சுகுணா அவளுடைய தோள்களைப் பிடித்து உலுக்கினார். "பாடுடி! பாடுடி!" கவிப்பிரியா தன் மார்பில் அறைந்துகொண்டாள். அங்கே திறந்திருந்த இடம் காலியாக இருந்தது. வீட்டைக் காலி செய்துகொண்டு யாரோ போயிருந்தார்கள்.

இருவரும் கட்டிலைப் பார்த்தார்கள்.

ஜாஸ்மினின் மார்பு உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது.

மருத்துவர் அருண்குமார் வந்தார். ஸ்டெதாஸ்கோப்பை ஜாஸ்மினின் மார்பில் வைத்தார். அவருடைய புருவங்கள் நெருங்கின. காதிலிருந்து அதை எடுத்துத் துடைத்து மீண்டும் மாட்டிக்கொண்டார். தலை நிமிர்ந்து சுகுணாவின் வாயைப் பார்த்தார். பிறகு கவிப்பிரியாவின் வாயைப் பார்த்தார். இரண்டும் மூடியிருந்தன.

"யாருங்க பாடறது?" என்றார்.

கட்டிலில் ஜாஸ்மின் கண்ணைத் திறந்தாள்.

*

கவிப்பிரியாவின் குரல் திரும்பவில்லை. தொண்டையைப் பார்த்த மருத்துவர் ஓய்வு வேண்டும் என்றார். பள்ளியில் தோழிகள் அட்டையில் பூ வரைந்து கையொப்பமிட்டுக் கொடுத்தார்கள். அடுத்த படம் எப்போது என்று ஊர் பேர் தெரியாதவர்கள் விசாரித்தார்கள். எவருக்கும் அவள் பதில் எழுதவில்லை. ஜாஸ்மின் பிழைத்துவிட்டாள், அதற்கு இது விலை என்றால், பேரம் பேச அவள் விரும்பவில்லை.

மழை ஓய்ந்து வெயில் அடித்த ஒரு காலையில் ஜாஸ்மினின் வீட்டுக்குச் சென்றாள். சுகுணா கதவைத் திறந்து, வழிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார். உணவு டப்பா ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு அங்கன்வாடிக்குப் புறப்பட்டுப் போனார்.

ஜாஸ்மின் கட்டிலில் சாய்ந்து அமர்ந்திருந்தாள். இளைத்திருந்தாள், ஆனால் கன்னத்தில் நிறம் இருந்தது.

"வாடி ஊமச்சி" என்றாள்.

கவிப்பிரியா ஓசையின்றிச் சிரித்தாள். அருகே அமர்ந்தாள். ஜாஸ்மின் அவளுடைய கையை எடுத்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கையின் கீழே மெல்லிய அதிர்வு இருந்தது. இதயத்துடிப்பு விட்டுவிட்டு வரும். இது விடாமல் வந்தது.

"இன்னும் பாடிட்டேதான் இருக்குது" என்றாள் ஜாஸ்மின். "உன் குரலுதான். அம்மாகிட்டச் சொல்லல, பயந்துக்கும். எனக்குப் பழகிருச்சு. படிக்கும்போது, சாப்புடும்போது, எப்பவும். ஆராரோ, ஆரிரரோ, ஜாஸ்மினே, ஜாஸ்மினே. நல்லாத்தான் இருக்குது."

கவிப்பிரியா தலையசைத்தாள்.

"காலையில இருந்துதான்..." ஜாஸ்மின் நிறுத்தினாள். தன் மார்பை நோக்கிக் குனிந்தாள். "பேரு மாறிருச்சுடி."

கவிப்பிரியா கைப்பேசியை எடுத்துத் தட்டினாள். 'யார் பேரு?'

ஜாஸ்மின் திரையைப் பார்க்கவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்தாள்.

"உன் பேரு."

வெளியே யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். வெயில் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. கவிப்பிரியாவின் விரல்கள் எழுத்துகளைத் தவறவிட்டன. அழித்து, மீண்டும் தட்டி, திரையை ஜாஸ்மினின் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

'தாலாட்டா?'

ஜாஸ்மின் படித்தாள். கண்களை மூடிக்கொண்டு உற்றுக் கேட்டாள். நெடுநேரம் கேட்டாள். மூடிய இமைகளின் ஓரத்தில் நீர் திரண்டு வழிந்தது.

இரண்டு கைகளையும் மெதுவாக உயர்த்தித் தன் பின்னலை அவிழ்த்தாள். கூந்தல் முகத்தை மறைத்து விழுந்தது. அவளுடைய உடல் முன்னும் பின்னும் அசையத் தொடங்கியது.